நஞ்சென்னும் பெயரும் கடல்வாழ் வைரசும்

வைரசு என்னுஞ் சொல்லைக் கேட்டமாத்திரத்தே நோயும் சாவுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின்னர்ச் சிறு பிள்ளைகளும் அச்சொல்லை அஞ்சக் கற்றுக்கொண்டனர். அதனைத் தமிழாக்கப் புகுந்தோர் பலர் 'நச்சுயிரி' என்று வழங்குகின்றனர். இலத்தீன் மொழியிலே அச்சொல்லுக்கு நஞ்சு என்பது பொருளாதலின் மொழிபெயர்ப்பிற் குற்றமில்லை. 1898ஆம் ஆண்டிலே ஒல்லாந்து அறிஞர் பெய்யரிங்கு என்பார் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்தபோது அச்சொல்லையே ஆண்டார். புகையிலை நட்டுப் பிழைத்த நம்மூர்க் கமக்காரரும் அதனை நஞ்சென்பதற்குத் தயங்கார். ஆயினும், நோயிலே பிறந்த பெயரை அக்குலம் முழுவதற்குஞ் சூட்டி மாணாக்கருக்குக் கற்பித்தல் தகுமோ என்பதே ஈண்டு என் வினா. கடலிலே ஒளித்தொகுப்புச் செய்யும் பற்றீரியங்களைத் தொற்றும் வைரசுகளைப் பற்றி அறியுந்தோறும் அவ்வினா வலுப்பெறுகின்றது.

உலகில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதி கடலிலே நிகழ்கின்றது. அதனைச் செய்வன பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒன்றாகிய புரொக்குளோரோகொக்கசு என்னும் சயனோபற்றீரியத்தைச் சாலி சிசோம் அம்மையாரும் அவர்தங் குழுவினரும் 1988இல் உலகுக்கு அறிவித்தனர். அதன் குறுக்களவு ஏறத்தாழ 0.6 மைக்குரோமீற்றர், ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைத்தாலே ஒரு மில்லிமீற்றர் ஆகும். வடக்கிலும் தெற்கிலும் 40 பாகை வரையுள்ள வெப்பக்கடல்களிலே அது செழித்து வாழ்கின்றது. நம் தீவைச் சூழ்ந்த இந்து சமுத்திரமும் அவ்வெல்லைக்கு உட்பட்டதே.

இப்பற்றீரியங்களோடு வைரசுகளும் வாழ்கின்றன. கடலில் அவை மிகச் சிலவே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1989இல் நோர்வே அறிஞர் இலத்திரன் நுணுக்குக்காட்டி கொண்டு எண்ணிப் பார்த்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. கடலின் மேற்பரப்பில் ஒரு மில்லிலீற்றர் நீரில் அவை ஒரு கோடியளவில் இருத்தல் வழக்கம். தேக்கரண்டி நீரை மொண்டால் ஐந்து கோடி!

இனி, வியப்பான செய்தியொன்று. ஒளித்தொகுப்புக்கு இன்றியமையாத புரதங்களுள் டி1 என்பது ஒன்று. ஒளியை ஏற்கும் தொழிலிலேயே அது சிதைவுறும். ஆதலால் கலம் அதனை இடையறாது புதிதாக ஆக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். வைரசு புகுந்ததும் பற்றீரியத்தின் சொந்த வேலைகள் ஒடுங்கத் தொடங்குகின்றன. டி1 புதுக்கப்படாவிடின் ஒளித்தொகுப்பும் நின்றுவிடும். வைரசு பெருகுவதற்கு வேண்டிய சத்தியோ அவ்வொளியினின்றே வரவேண்டும். என் செய்வது? அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை வைரசு தன்னோடு கொண்டுவருகின்றது! இங்கிலாந்தின் வோறிக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலசு மான் குழுவினர் 2003இல் இதனைக் கண்டனர். தொற்றுக்குப் பின்னர் அவ்வலகு உண்மையாகவே புரதத்தை ஆக்குகின்றது என்பதை டெபி லிண்டெல் அம்மையார் முதலானோர் 2005இல் நிறுவினர். பிறர் வீட்டிற் புகுந்த கள்வன் விளக்கு அணையாதிருக்கும்படி எண்ணெயையுங் கையோடு கொணர்ந்தாற் போலும் இது.

இதனால் வைரசைப் பற்றீரியத்தின் நண்பனென்று கொண்டாடவும் முடியாது. விளக்கு எரியினும் அடுப்பு எரிவதில்லை. ஒளியினாற் பெற்ற சத்து காபனீரொட்சைட்டிலிருந்து உணவாக்குதற்குச் செல்லாது, புதிய வைரசுகளை ஆக்குதற்கே திருப்பப்படுகின்றது. ஈற்றிற் கலம் வெடித்து அவை வெளிவருகின்றன. கடல்வாழ் நுண்ணுயிர்த்திரளில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு நாடோறும் வைரசுகளால் மடிகின்றதென மதிப்பிட்டுள்ளனர். மடிந்த கலங்களின் நைதரசனும் பொசுபரசும் இரும்பும் நீரிலே கரைய, எஞ்சிய நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு தழைக்கின்றன. கொல்வதும் உண்மை, கொன்றதனாற் பிறர்க்கு உணவளிப்பதும் உண்மை. நஞ்சு என்ற ஒரு சொல்லினுள்ளே இவ்விரண்டும் எங்ஙனம் அடங்கும்?

'விழுங்கி' என்னும் பெயரும் இத்தகையதே. 1917இல் டெரெல் என்பார் பற்றீரியங்களை அழிக்கும் வைரசுக்கு உண்ணுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டார். நாமும் விழுங்கி என்றோம். அது எதனையும் விழுங்குவதில்லை. தன்னினும் பன்மடங்கு பெரிய பற்றீரியத்தின் புறத்தே ஒட்டிநின்று தன் பரம்பரைப்பொருளை மாத்திரம் உள்ளே செலுத்துகின்றது. எலி யானையை விழுங்கிற்றென்று விடைத்தாளில் எழுதும் மாணாக்கனைக் கண்டிப்போம். கலைச்சொல்லிலோ அதனையே புகுத்தியிருக்கின்றோம்.

தமிழாசிரியனொருவன் பிறமொழிச் சொல்லுக்குப் பரிந்து பேசுவது சிலருக்கு வருத்தந் தரலாம். தனித்தமிழ் ஆர்வத்தை யான் இகழேன். ஒளித்தொகுப்பு என்னும் சொல் எத்துணை அழகியது! ஒளியாற் பொருள்களைத் தொகுத்தலாகிய செயலை அது உள்ளவாறே காட்டுகின்றது. நச்சுயிரியோ மாணாக்கன் நுணுக்குக்காட்டியை அணுகுமுன்னரே தீர்ப்புரைத்து விடுகின்றது. நஞ்சென்று கற்றவன் அழிக்கும் வழியைத்தான் கேட்பான். அது கடலில் என்ன செய்கின்றது என்று கேட்கமாட்டான். நம் கல்லூரியிலிருந்து அறிவியல் பயிலச் செல்லும் பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வி பின்னையதன்றோ?

ஆதலின், இலங்கைப் பாடநூல்களிலே பயின்றுவரும் வைரசு என்னும் வடிவே நிலைபெறுக என்பது என் கருத்து. அது தமிழெழுத்தில் அடங்கியது. பொருளை முற்கூட்டித் தீர்மானியாதது. இதனினுஞ் சிறந்த தமிழ்ச்சொல்லொன்றை ஆக்கவல்லார் உளராயின், முதலிற் கடல்நீரில் ஒரு தேக்கரண்டியை மனத்திற்கொண்டு ஆக்குவாராக.