9.8 வரலைன்னா மார்க் போயிடுமா?

போன வாரம் என் சித்தி பையன் செங்கல்பட்டிலிருந்து போன் பண்ணினான். பிளஸ் ஒன் படிக்கிறான். குரலில் ஒரு பதற்றம்.

"அக்கா, லேப்ல தனி ஊசல் செஞ்சேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.72 வருது. 9.8 வரணும்ல? ரீடிங்கைக் கொஞ்சம் மாத்திடவா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன்னா, நானும் அதையேதான் செய்தேன். விடையை முதலில் எழுதுவோம். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரீடிங்கை நிரப்புவோம். எங்கள் பெஞ்சில் ஆறு பேருக்கும் 9.80. ரெக்கார்டு நோட்டைப் புரட்டிய சார், "ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கைதானா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

சரி, உண்மையில் மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் வெளித்தேர்வுக்கு 15 மார்க். மீதி, லேபில் செய்த வேலைக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும். அந்த 15 எப்படிப் பிரிகிறது தெரியுமா? சூத்திரம் 2, செய்முறைச் சுருக்கம் 3, காட்சிப்பதிவுகள் 5, வரைபடம் உள்ளிட்ட கணக்கீடு 4. கடைசியில் வரும் முடிவுக்கு, அலகோடு சேர்த்து, வெறும் 1!

அதாவது, நாம் பயப்படுவது 1 மார்க்குக்கு. அதற்காகப் பொய்யாக்குவது 5 மார்க் பகுதியை.

கல்லூரியிலும் இதே கதைதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, இணைப்புக் கல்லூரிகளில் லேப் பாடத்துக்கு அகமதிப்பீடு 60, இறுதித் தேர்வு 40. ஒரு நாள் வரும் விடையைவிட, செமஸ்டர் முழுக்கச் செய்த வேலைக்குத்தான் எடை அதிகம்.

இன்னொரு விஷயம். நாம் துரத்துகிற 9.81 நம்ம ஊர் எண்ணே இல்லை. அது லண்டன், பாரிஸ் பக்கத்து மதிப்பு. பூமி சுழல்வதாலும், நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும், நிலநடுக்கோட்டுக்கு அருகே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் அது சுமார் 9.78தான்.

80 செ.மீ. ஊசல் 20 அலைவுகளை முடிக்கச் சுமார் 36 விநாடி ஆகும். ஸ்டாப் கிளாக்கை அழுத்தும் விரல் 0.2 விநாடி பிந்தினாலே விடை 0.1 அளவுக்கு மாறிவிடும். அப்படிப் பார்த்தால் தம்பியின் 9.72 ரொம்ப நேர்மையான எண்!

இதை 200 வருஷத்துக்கு முன்பே நம் ஊரில் ஒருவர் அளந்திருக்கிறார். மதராஸ் வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம். மாமல்லபுரம் சிற்பங்களைப் பற்றி முதன்முதலில் ஆங்கிலத்தில் எழுதியவர்களில் ஒருவரும் இவர்தான். 1821-ல் சென்னையில் ஊசல் சோதனை செய்தார். அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டி அதை வெளியிட்டது. விநாடி ஊசலின் நீளம் லண்டனைவிடச் சென்னையில் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைவு. பூமியின் வடிவத்தைக் கணிக்க விஞ்ஞானிகளுக்குத் தேவைப்பட்டது அந்த 3 மி.மீ.தான். 'லண்டன் விடை வரலையே' என்று அவர் ரீடிங்கைத் திருத்தியிருந்தால் அது காணாமல் போயிருக்கும்.

அதற்காக எந்த விடை வந்தாலும் சரி என்று விட்டுவிடக் கூடாது. ரொம்பத் தள்ளி வந்தால், இதையெல்லாம் பாருங்கள்:

* எண்ணத் தொடங்கும்போது 'பூஜ்யம்' சொன்னீர்களா? 'ஒன்று' என்று தொடங்கினால் 19 அலைவுதான் எண்ணியிருப்பீர்கள். விடை 10.8 பக்கம் போய்விடும்.

* நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தீர்களா? 1 செ.மீ. ஆரத்தை விட்டுவிட்டால் 9.66 பக்கம் இறங்கிவிடும்.

* ஊசலை அதிகமாக இழுத்து விட்டீர்களா? வீச்சு சிறிதாக இருந்தால்தான் சூத்திரம் பொருந்தும்.

* தவறான ரீடிங்கை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

* அலகை மறக்காதீர்கள். அந்த 1 மார்க் அதில்தான் இருக்கிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. லேபிலிருந்து பிள்ளை வந்ததும், "கரெக்ட்டா வந்துச்சா?" என்று கேட்பதற்குப் பதில், "என்ன வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி அவனைப் பொய் எழுத வைக்கும். இரண்டாவது, பேச வைக்கும்.

தம்பியிடம் 9.72-ஐ அப்படியே எழுதச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ரெக்கார்டு நோட்டின் போட்டோ வந்தது. 9.72-க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். கீழே தம்பியின் மெசேஜ்: "அக்கா, மிஸ் ஒண்ணுமே சொல்லலை. பக்கத்துல இருந்த 9.80 பையன்கிட்டதான் நிறைய கேள்வி கேட்டாங்க!"