நடுக்கத்துக்கு மருந்து இறுக்கமா?

யந்திரத்தில் ஏதேனும் ஒரு பாகம் நடுங்கத் தொடங்கினால் அதை இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது, பட்டறையில் எடுபிடி வேலை செய்யும் பையன் முதல் பட்டம் பெற்ற எஞ்சினீயர் வரையில் எல்லோரும் ஒருமுகமாக ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிரமாணம் கேட்பதே அநாவசியம் என்று கருதிவரும் சித்தாந்தம். நூற்பாலைகளில் இந்தச் சித்தாந்தத்துக்கு உள்ள செல்வாக்கு கொஞ்சமல்ல. நூல் நூற்கும் ரிங் பிரேமில், பாபினைத் தாங்கிச் சுழலும் கதிர் ஒன்று அதிர்கிறது என்று தெரிந்தவுடன் பிட்டரின் கை முதலில் ஸ்பானரைத் தேடுகிறது; அதில் பலன் காணாவிட்டால் கெட்டியான எண்ணெயைத் தேடுகிறது; அதுவும் பலிக்காதபோது, இதைவிட நெருக்கமாகக் கதிரைக் கவ்விப் பிடிக்கும் பேரிங்கை வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று மேலே இருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். இந்த மூன்று செயல்களுக்கும் மூலமான எண்ணம் பிழையானது என்பதையும், கதிரின் பேரிங் அடைந்த பெரிய முன்னேற்றம் இந்த எண்ணத்தை மீறியதால்தான் கைகூடியது என்பதையும், தொழிலில் உள்ளவர்கள் வருத்தப்பட்டாலும் பாதகமில்லை என்று, வெளிப்படையாகவே சொல்ல விரும்புகிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆடுகின்ற பந்தற்காலை ஆழமாக ஊன்றி மண்ணைப் போட்டு இடித்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது. கண் முன்னே கண்ட இந்தப் பிரத்தியட்ச அநுபவத்தை நாம் எல்லாவற்றுக்கும் பொதுவிதியாக்கிக்கொண்டோம். ஆனால், பந்தற்காலை ஆட்டுவது வெளியிலிருந்து வரும் காற்று; கதிரை ஆட்டுவதோ அதன் உள்ளேயே குடியிருக்கும் சமனின்மை. வெளியிலிருந்து வரும் விசையைப் பூமியின் பலத்தால் எதிர்த்து நிற்கலாம். சுழலும் பொருள் தன் சுழற்சியினாலேயே கணந்தோறும் பெற்றெடுக்கும் விசையை எதிர்த்து நிற்பது வேறு விஷயம். அங்கே நாம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு விசையும் பிடிக்கிற கையின் மீதே விழும்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பாபினும் அதன்மேல் சுற்றிய நூலும் சேர்ந்து 100 கிராம் எடை என்றும், அந்த எடையின் மையம் சுழலும் அச்சிலிருந்து 0.1 மில்லிமீட்டர் மட்டுமே விலகியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மனிதன் செய்த பாபினும், பருத்தியின் இயல்புக்கேற்ப ஏறக்குறைய அமையும் நூற்சுற்றும் இதைவிடத் துல்லியமாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்ற வேகத்தில், அந்த அற்ப விலகல் ஏறக்குறைய 280 கிராம் எடைக்குச் சமமான விசையோடு கதிரை வெளிநோக்கி இழுக்கிறது. இன்றைய ஆலைகளில் சாமானியமாகிவிட்ட 20,000 சுற்றில் அதே விலகல், அதே பாபின், நாலரைக் கிலோ எடைக்கு ஒப்பான விசையை உண்டாக்குகிறது. வேகம் நான்கு மடங்காக, விசை பதினாறு மடங்காகிறது. அந்த விசையும் ஒரு திசையில் நின்று இழுப்பதன்று; விநாடிக்கு 333 தடவை சுற்றிச் சுற்றித் திசை மாறி, பேரிங்கின் சுவரை எல்லாப் பக்கங்களிலும் மோதுவது. இதை இறுக்கத்தால் அடக்கிவிட முடியும் என்று நம்புகிறவர்கள், அந்த மோதலெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் தேய்மானமாகவும் மின்சாரச் செலவாகவும் மாறித் தங்கள் தலையிலேயே வந்து விடிகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரிங் முறையில் நூல் நூற்கும் யுக்தியை அமெரிக்காவின் ராட் ஐலந்து மாகாணத்து ஜான் தார்ப் 1828-இல் கண்டுபிடித்தார். ஆனால், கண்டுபிடித்த பிறகும் அரை நூற்றாண்டு காலம் அந்த யந்திரம் தன் முழு ஆற்றலையும் காட்ட முடியாமல் முடங்கிக் கிடந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று கதிரின் பேரிங்தான். அந்தக் காலத்துக் கதிர், கீழே ஒரு பலகையில் ஊன்றிய அடித்தாங்கியிலும், நடுவே வேறொரு பலகையில் பதித்த கழுத்துத் தாங்கியிலும் அசைய இடமின்றிச் சிறைப்பட்டு நின்றது. பாபினோ அந்தக் கழுத்துக்கு மேலே, பிடிமானமற்ற உயரத்தில் பாரமாக ஏறியிருந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 5,500 சுற்றைத் தாண்டினால் அது நடுங்கியது. நடுக்கத்தை அடக்கக் கதிரைத் தடிமனாக்கினார்கள். தடித்த கதிரைச் சுழற்ற அதிகச் சக்தி தேவைப்பட்டது. இறுக்கத்தின்மேல் வைத்த நம்பிக்கை இப்படித்தான் ஒரு தொழிலையே தலைமுறைக்கணக்கில் கட்டிப்போட்டது.

மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தின் லோவெல் நகரத்து ஜேக்கப் ஸாயர் 1871-இல் பதிவுசெய்த கதிர் முதல் விடுதலையைக் கொடுத்தது. பாபினைக் குடைந்து, கழுத்துத் தாங்கியை அந்தக் குடைவுக்குள்ளேயே உயர்த்தி, பாரமும் தாங்குமிடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி அவர் அமைத்தார். கதிர் மெலிந்தது, வேகம் சுமார் 7,500 சுற்றுக்கு ஏறியது. ஆனாலும் அந்தத் தாங்கி இன்னமும் அசையாத தாங்கிதான். பெரிய மாறுதலைச் செய்தவர் பிரான்சிஸ் ராபெத். 1870-களின் இறுதியில் உருவெடுத்த அவருடைய கதிரில், கழுத்தையும் அடியையும் ஒரே குழாயாக இணைத்து, அந்தக் குழாயை எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டுக்குள் சற்றே இடம் விட்டு நிறுத்தி, இடைவெளியில் மென்மையான அடைப்பைச் சுற்றிவைத்தார். அதாவது, கதிரைத் தாங்கும் உறுப்பே கொஞ்சம் நகர்ந்துகொள்ள அநுமதி பெற்றது. அந்தச் சிறு சுதந்திரத்தைக் கொண்டு கதிரும் பாபினும், நாம் லேத்தில் கடைந்து கொடுத்த அச்சைக் கைவிட்டு, தங்கள் எடையின் மையத்தைச் சுற்றித் தாங்களே தேர்ந்துகொண்ட அச்சில் சுழலத் தொடங்கின. நிமிஷத்துக்கு 10,000 சுற்று என்பது சாதாரணமாயிற்று. ஹோப்டேல் நகரத்து டிரேப்பர் நிறுவனத்தார் இந்தக் கதிர்களை நாடெங்கும் பரப்பினார்கள். வேகத்துக்கு எல்லை கட்டுவது கதிர் என்ற நிலை மாறி, ரிங்கின்மேல் ஓடி நூலை வழிநடத்தும் டிராவலரின் சூடும் நூலின் பலமும்தான் எல்லை என்ற நிலை அப்போது வந்தது; அந்த நிலை இன்றும் அப்படியே இருக்கிறது. லங்காஷயர் முதலாளிகள் மியூல் என்ற பழைய நூற்பு யந்திரத்தை விடாமல் பற்றியிருந்த அந்த நாட்களிலேயே, 1877-இல் நாக்பூரில் திறந்த எம்பிரஸ் ஆலையில் ஜாம்ஷெட்ஜி டாடா ரிங் பிரேமைப் பரீட்சித்து மேற்கொண்டார் என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

இந்த இடத்தில், படித்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமலிருக்க முடியவில்லை. ராபெத்தின் கதிருக்குச் சில ஆண்டுகளே முந்தி, 1869-இல், புகழ்பெற்ற பேராசிரியர் ராங்கின், சுழலும் தண்டு ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் நிலைகுலைந்துவிடும், அதற்கு அப்பால் நிதானமாக ஓடுவது சாத்தியமே இல்லை என்று கணிதத்தின் பெயரால் தீர்ப்பளித்தார். ஸ்வீடனைச் சேர்ந்த தெ லாவால் 1880-களின் முடிவில், தம் நீராவி டர்பைனுக்கு வேண்டுமென்றே மெல்லிய, வளைந்துகொடுக்கும் தண்டைப் பொருத்தி, அந்த எல்லையைக் கடந்து நிமிஷத்துக்கு 30,000 சுற்று வரை ஓட்டிக் காட்டினார். எல்லைக்குக் கீழே கனமான பக்கம் வெளியே தள்ளப்படுகிறது, எல்லையைக் கடந்தபின் அதே கனமான பக்கம் உட்புறமாகத் திரும்பிப் பொருள் தன் மையத்தைச் சுற்றி அமைதியடைகிறது என்ற உண்மையை 1895-இல் பெப்பல் என்பவரும், 1919-இல் ஜெப்காட் என்பவரும் கணிதத்தில் விளக்கி முடித்தபோது, ஆலைத் தொழிலாளிகள் அந்த உண்மையின் பலனைப் பல ஆண்டுகளாக அநுபவித்துக்கொண்டிருந்தார்கள். சாஸ்திரத்தின்மேல் எனக்கு அவமதிப்பு இல்லை; பிடியைத் தளர்த்தத் துணிந்த கைவினைஞனின் அநுபவத்துக்குச் சாஸ்திரத்துக்குச் சமமான ஸ்தானத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லையே என்பதுதான் என் குறை.

வளைந்துகொடுக்கும் இந்தத் தத்துவம் கதிரோடு நிற்கவில்லை. பேரிங் என்றாலே இன்று உலகத்தார் நினைக்கும் எஸ்.கே.எப். நிறுவனம், நூற்பாலை ஒன்றின் தொல்லையிலிருந்து பிறந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்தில் காம்லெஸ்டாடென் ஆலையின் யந்திரப் பராமரிப்பைக் கவனித்துவந்த ஸ்வென் விங்க்விஸ்ட், களிமண் நிலம் அமிழ்ந்து அமிழ்ந்து ஆலையின் நீண்ட தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகுவதையும், அதனால் பேரிங்குகள் சூடேறிப் பாழாவதையும் கண்டார். கட்டடத்தை அசையாமல் நிறுத்திவிட முடியாது என்பதை உணர்ந்து, தண்டு சாய்ந்தால் தானும் சாய்ந்து இடம் கொடுக்கும்படி, வெளி வளையத்தின் உட்புறத்தைக் கோளத்தின் பகுதியாகக் குடைந்து, அதில் இரண்டு வரிசைக் குண்டுகளை ஓடவிட்ட பேரிங்கை 1907-இல் அமைத்தார். அதே ஆண்டில் நிறுவனமும் தோன்றியது.

இவ்வளவு சொன்ன பிறகும், "லேத்தில் தண்டை இறுக்கமாகத்தானே பிடிக்கிறோம்? அங்கே தளர்த்தினால் வேலை கெட்டுவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. லேத்தின் தண்டு வெட்டும் உளிக்கு எதிரே ஓரிழையும் விலகாமல் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வரும் விசையைத் தாங்குவதுதான் அதன் தொழில். நம் தொழிற்பயிற்சி லேத்தை வைத்தே தொடங்குவதால், அங்கே உண்மையான விதியை மாணவன் நூற்பாலைக்கும் சுமந்துவருகிறான். தவறு அவனுடையதன்று, வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்காதவர்களுடையது. கதிரின் கூட்டைப் பிரேமின் பலகையோடு பிணைக்கும் நட்டு இறுக்கமாக இருக்க வேண்டும், கதிர் ரிங்கின் நடுமையத்தில் நிற்க வேண்டும் என்பவற்றில் கருத்து வேற்றுமையே கிடையாது. அதற்குமேலும் முறுக்கினால் மையம்தான் விலகும். நான் வாதாடுவது கூட்டின் உள்ளே இருக்க வேண்டிய இடைவெளிக்காக.

அந்த இடைவெளியும் கட்டற்றதாக இருந்தால் நாசம்தான். தேய்ந்துபோன கழுத்தும் அசையத்தான் செய்கிறது. ஆனால் அது அசைந்த பின் மீண்டுவரும் வழியறியாதது. இடங்கொடுப்பதும், கொடுத்த இடத்திலிருந்து மீட்டு அசைவின் வேகத்தை விழுங்குவதும் சேர்ந்தால்தான் பேரிங் நிறைவுபெறும். ராபெத்தின் மென்மையான அடைப்பு செய்த வேலையை இன்றைய கதிர்களில் வேறோர் ஏற்பாடு செய்கிறது: மேலே சிறு உருளைகள் கொண்ட கழுத்து பேரிங், கீழே வளைந்துகொடுக்கும் எஃகுக் குழாயின் முனையில் கதிரின் கூர்முனை ஊன்றும் அடித்தாங்கி, அதைச் சுற்றி எண்ணெயில் தோய்ந்த மெல்லிய தகட்டுச் சுருள். கதிர் அசையும்போது சுருளின் அடுக்குகளுக்கு இடையிலுள்ள எண்ணெய் பிதுங்கி ஓடி அசைவின் சக்தியைத் தின்றுவிடுகிறது. பிரேம் ஒவ்வொரு முறை புறப்படும்போதும், நிற்கும்போதும், கதிர், ராங்கின் சொன்ன அந்த ஆபத்தான வேகத்தைக் கடந்தே ஆகவேண்டும். கடக்கும் அந்தச் சில விநாடிகளில் அதைக் காப்பாற்றுவது இந்தச் சுருளும் எண்ணெயும்தான்.

ஆகையால்தான், கெட்டியான எண்ணெய் பேரிங்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், நீண்ட நாள் உழைக்கும் என்ற உபநம்பிக்கையை மூலநம்பிக்கையைவிட விபரீதமானதாக நான் கருதுகிறேன். லண்டனில் பூச்சம்ப் டவர் என்பவர் 1883-இல் செய்த பரிசோதனைகளும், அவற்றை விளக்கி 1886-இல் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் எழுதிய கட்டுரையும், சுழலும் தண்டு எண்ணெயைத் தானே உள்ளிழுத்து, அந்த மெல்லிய படலத்தின் அழுத்தத்தின் மீதே மிதக்கிறது என்று நிரூபித்தன. மிதப்பதற்கு வேண்டிய அளவுக்குமேல் எண்ணெய் கெட்டியாக இருந்தால், மிஞ்சிய கெட்டித்தன்மை முழுவதும் இழுவையாகவும் சூடாகவும் போகிறது. பாரம் குறைவாகவும் வேகம் மிக அதிகமாகவும் உள்ள கதிருக்கு நீர்த்த எண்ணெயே உரியது. அமெரிக்க ஆலைகளுக்குத் தீக் காப்பீடு அளித்த பாஸ்டன் நிறுவனத்தைச் சேர்ந்த உட்பரி என்பவர் 1880-களிலேயே எண்ணெய்களின் உராய்வை அளந்து ஆலைக்காரர்களுக்கு அறிவித்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், கதிரில் விடுவதற்கு யந்திரம் செய்தவர்கள் குறித்துக்கொடுத்த எண்ணெயை ஒதுக்கிவிட்டு, கியர்ப் பெட்டிக்கு வாங்கியதை ஊற்றிவிட்டு, "கெட்டியாக இருந்தால் நல்லதுதானே" என்று திருப்தியடைகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. அந்தக் கெட்டி எண்ணெய் தகட்டுச் சுருளின் அடுக்குகளுக்கிடையே தாராளமாக ஓடமாட்டாது. கதிர் மறுபடியும் அந்தப் பழைய சிறைக்குள் தள்ளப்படுகிறது.

ஆலையின் மின்சாரச் செலவில் பெரும்பங்கை ரிங் பிரேம்களே உண்கின்றன. ஒரு பிரேமில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள் நிற்கும் இக்காலத்தில், ஒரு கதிரில் வீணாகும் அற்ப சக்தி ஆயிரம் மடங்காகிறது. பேரிங் வாங்குகிறவர்கள், அது எவ்வளவு நெருக்கமாகப் பிடிக்கிறது என்று கேட்பதை நிறுத்தி, எவ்வளவு இடம் கொடுத்து எவ்வளவு விரைவில் அசைவை அடக்குகிறது என்று கேட்க வேண்டும். பயிற்சி நிலையங்களில் லேத்தின் பேரிங்கையும் கதிரின் பேரிங்கையும் ஒரே மேஜையில் பிரித்துப் போட்டு மாணவர்களுக்குக் காட்ட வேண்டும். என் சொல்லை நம்பாதவர்கள் தங்கள் ஆலையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே நம்பர் நூலை ஒரே வேகத்தில் ஓட்டி, பாபினில் நூற்சுற்று (காப்) பாதி நிறைந்த அதே நிலையில், குறித்த எண்ணெயோடு ஒரு தடவையும் தாங்கள் பழக்கத்தால் ஊற்றிவரும் எண்ணெயோடு ஒரு தடவையும், மோட்டார் வாங்கும் கரண்டையும் கூட்டின் சூட்டையும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் கெட்டி எண்ணெய்தான் வேண்டும் என்றால், அந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு வாதாட வரட்டும்.