‘நூலகத்துக்குப் போ’ என்கிறார் பேராசிரியர்

எங்கள் காலனியில் தோழர்கள் நடத்தும் மாலை வகுப்பில் வாரம் இரண்டு நாள் நானும் உட்காருகிறேன். சென்ற மாதம், கல்லூரி முதலாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரையோடு வந்தாள். தலைப்பு, அயோத்திதாசப் பண்டிதர். மேலே சிவப்பு மையில் ஒரே வரி: ‘விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதாதே. நூலகத்துக்குப் போ.’

எந்த நூலகத்துக்கு? அவள் கல்லூரி விட்டு, பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் இங்கே நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். வீட்டில் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளப் படித்த மாமனோ சித்தப்பனோ இல்லை. இருப்பது அண்ணனோடு பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு செல்போன். மூன்று தலைமுறையாக அலமாரியில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் சிவப்பு வரி எளிய அறிவுரை.

அதற்காக விக்கிப்பீடியா சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று சொல்லவில்லை. (நமக்கு வேதவாக்கே வேதவாக்கு இல்லை.) ஒரு சாதியைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, அதன் திருத்த வரலாற்றைப் பாருங்கள். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். ஆண்ட பரம்பரைக் கதைகளை ஒருவர் ஏற்றுவதும் இன்னொருவர் இறக்குவதுமாக நடக்கும். தெற்காசியச் சாதிப் பக்கங்களுக்கென்றே ஆங்கில விக்கிப்பீடியா தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவர வேண்டியிருந்தது. மாணவர்களுக்கு முதலில் காட்ட வேண்டியது இந்தத் திருத்த வரலாற்றைத்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வெளியான, நம்பத்தகுந்த சான்று காட்டினால்தான் ஒரு செய்தி அங்கே நிற்கும். நல்ல விதிதான். ஆனால் யாருடைய செய்தி அச்சேறியது? பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெருந்தொகுப்பு வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். அந்தக் காலத்து நூலகத்துக்குப் போயிருந்தாலும் இந்தப் பெண்ணுக்குப் பெரிதாக என்ன கிடைத்திருக்கும்?

பண்டிதரைப் பற்றிய பக்கத்தின் அடிக்குறிப்புகளை அவளோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பிறகு ஒரு தோழரிடமிருந்து அந்தத் தொகுப்பின் ஒரு தொகுதியை வாங்கிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்து கேட்டாள்: “அண்ணா, இதுல இருக்கிறது எவ்வளவோ அங்க இல்லையே. நானே சேர்க்கலாமா?”

சேர்க்கலாம். நூலின் பெயரும் பக்க எண்ணும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பேராசிரியர்கள் தடை போடுவதற்குப் பதில் இதையே பயிற்சியாகக் கொடுக்கலாமே: ஒரு பக்கத்தில் மூன்று அடிக்குறிப்புகளைச் சரிபார், விடுபட்ட ஒரு சான்றைச் சேர். மகாராட்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அதற்குச் செல்போன் போதும்.

முதல் நாள் அவள் எழுதிய வரியில் பக்க எண் விட்டுப்போயிற்று. மறுநாள் போட்டாள். கட்டுரையையும் திருத்தி எழுதிவிட்டாள். வெள்ளிக்கிழமை கொடுக்கிறாள்.