ஆள் பஞ்சமா, கூலிப் பஞ்சமா?

தோட்டங்களில் வேலைக்கு ஆளில்லை என்னும் கூக்குரல் மலேசியத் திருநாட்டில் ஓயாது எழுந்துகொண்டே இருக்கிறது. தோட்ட உரிமையாளர்கள் அதை எழுப்புகின்றனர். செய்தித்தாள்கள் அதைத் தலைப்பிட்டு வெளியிடுகின்றன. ஆட்சியாளர்கள் அதற்குச் செவி சாய்க்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் செம்பனைத் தோட்டங்களில் மட்டும் ஏறத்தாழ 120,000 தொழிலாளர் குறைவு என்று உரிமையாளர் தரப்புக் கூறியது. வெட்டுவாரின்றிப் பழுத்த குலைகள் மரத்திலேயே அழுகின. இவை உண்மையே. ஆயினும், ஆள் ஏன் இல்லை என்னும் வினாவிற்கு மட்டும் ஒரே விடைதான் கிளிப்பிள்ளைப் பாடமாய் ஒப்பிக்கப்படுகிறது: உள்ளூர் மக்கள் உழைக்க மறுக்கின்றனர், இளைஞர்கள் சோம்பேறிகளாகிவிட்டனர். இவ்விடை பொய். காட்டை அழித்துத் தோட்டமாக்கி, இந்நாட்டின் கருவூலத்தை நிரப்பிய மக்கள்மீது சுமத்தப்படும் பழியும் ஆகும்.

வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போர்க்கு இக்கூக்குரலின் உட்பொருள் விளங்கும். 1907-ஆம் ஆண்டில் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, தமிழகத்திலிருந்து தொழிலாளரை இலவசப் பயணத்தில் கொணர்வதே அதன் நோக்கம். ஆள் தாராளமாய்க் கிடைத்தால் கூலி உயராது என்பதை அன்றைய துரைமார் நன்கு அறிந்திருந்தனர். 1930-களின் தொடக்கத்தில் இரப்பர் விலை சரிந்தபோது, அதே தொழிலாளரைப் பல்லாயிரக் கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினர். வேண்டும்போது அழைப்பதும் வேண்டாதபோது விரட்டுவதும் வழக்கமாயின. 1938-ஆம் ஆண்டில் கூலியைக் குறைக்க முற்பட்டபோது, இந்திய அரசு தொழிலாளரை அனுப்புவதையே தடை செய்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னராவது நிலைமை மாறியதா? 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய உரிமச் சீட்டு வேண்டுமென்றது. அதன் விளைவாக, இந்நாட்டிலேயே வாழ்நாளைக் கழித்த தோட்டத் தொழிலாளர் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவிற்குத் திரும்ப நேர்ந்தது. மங்கும் உளியும் தவிர வேறொன்றறியாக் கைகள் வெறுங்கையாய்க் கப்பலேறின. பதினைந்தே ஆண்டுகள் கழிந்தன. 1984-ஆம் ஆண்டில், தோட்டங்களுக்கு ஆளில்லை என்று சொல்லி, இந்தோனேசியாவிலிருந்து தொழிலாளரைக் கொணர மேடான் நகரில் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இருந்தவரை அனுப்பிவிட்டு இல்லையே என்று புலம்புவதை எந்த நீதியில் சேர்ப்பது?

இனி, தோட்டத்து மக்களின் கண்கொண்டு இச்சிக்கலைப் பார்த்தல் வேண்டும். நகரத்தார்க்குப் பொருளாதார நிச்சயமின்மை என்பது நாளேடுகளில் வரும் சொல். தோட்டத்தானுக்கோ அது விடியற்காலையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. இரவில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் நாட்கூலிக்காரனுக்கு வரவும் இல்லை. தோட்டத் தொழிலாளர்க்கும் மாதச் சம்பளம் வேண்டுமென்னும் கோரிக்கை எத்தனை ஆண்டுகள் பேசப்பட்டது! அலுவலகக் கிராணிக்கு மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் மாதச் சம்பளம். பிரட்டுக் களத்தில் இருள் விலகுமுன் வந்து நிற்பவனுக்கு மட்டும் மழையே எசமானன்.

வீட்டின் கதை இதனினும் கொடிது. தோட்ட வீடு வேலைக்காகத் தரப்படுவது. வேலை போனால் வீடும் போகும். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்தது. அவ்வீட்டைத் தொழிலாளனுக்கே உரிமையாக்க அது வழி செய்யவில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் மரம் வெட்டி ஓய்ந்தவன், தோட்டம் கைமாறி வீட்டுமனைத் திட்டமாகும்போது, பெட்டியும் படுக்கையுமாய்த் தெருவில் நிற்கிறான். தந்தை இவ்வாறு நிற்பதைக் கண்ட மகன் அவ்வேலையையே விரும்பி ஏற்பான் என்று எதிர்பார்ப்பது மடமையன்றோ? அவனைச் சோம்பேறி என்பவர்கள், தங்கள் பிள்ளைகளுக்கு அத்தகைய வாழ்வைப் பரிந்துரைப்பார்களா?

உலகச் சந்தை விலைதான் கூலியை முடிவு செய்கிறது, முதலாளி என்ன செய்வார் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். 2022 மார்ச் மாதத்தில் கச்சாச் செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டி, வரலாறு காணாத உயரத்தில் நின்றது. அப்போது நாட்டுப்புறத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,100 வெள்ளி. மாநகர், நகராட்சிப் பகுதிகளில் அது 1,200 வெள்ளி. எண்ணெய் பிழியும் கனியைத் தோளில் சுமப்பவன் நாட்டுப்புறத்தில் வாழ்ந்த குற்றத்திற்காக 100 வெள்ளி குறைத்து மதிக்கப்பட்டான்! விலை ஏறியபோது அவ்வேற்றம் அவன் உலைக்கு வரவில்லை. விலை இறங்கும்போது மட்டும் அவ்விறக்கம் அவன் உலையைத் தேடி வருகிறது. இதற்குச் சந்தை விதி என்று பெயரிடுவது யாரை ஏமாற்ற?

சிறுதோட்டக்காரனின் நிலை வேறு. அவனை முதலாளி வரிசையில் நிறுத்துதல் முறையன்று. மலேசிய இரப்பர் உற்பத்தியில் மிகப் பெரும்பங்கு இன்று சிறுதோட்டங்களையே சார்ந்துள்ளது. நிலம் ஒருவனுடையது, வெட்டுபவன் வேறொருவன், வரும்படியில் ஆளுக்குப் பாதி என்பது பல இடங்களில் வழக்கம். ஒரு நாளில் 20 கிலோ ஒட்டுப்பால் கிடைப்பதாகவும், கிலோ 3 வெள்ளிக்கு விற்பதாகவும் கொள்ளலாம். மொத்தம் 60 வெள்ளி, வெட்டியவனுக்கு 30. மழை நாளில் அதுவுமில்லை. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மாதத்திற்கு 26 வேலைநாள் என்றால் நாளொன்றுக்கு 65 வெள்ளிக்கு மேல் வரும். எங்கே ஆள் நிற்பான் என்பதை நான்காம் ஆண்டு மாணவனும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான். 1980-களின் இறுதியில் ஆண்டுக்கு 16 இலட்சம் டன்னைக் கடந்த நாட்டின் இரப்பர் உற்பத்தி, 2023-இல் 4 இலட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தமைக்கு இக்கணக்கே பெரியதொரு காரணம்.

இளைஞர்கள் உழைக்க அஞ்சுகின்றனர் என்போர் ஒருமுறை ஜொகூர்ப் பாலத்திற்குச் செல்லட்டும். விடியுமுன் மோட்டார் சைக்கிள்களில் அணியணியாய்ச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர் யார்? தோட்டங்களைத் துறந்தோரின் பிள்ளைகளும் அவ்வரிசையில் நிற்கின்றனர். அங்கும் வேலை கடினமே, உறக்கமும் குறைவே. ஆயினும் உழைப்பின் விலை மாத முடிவில் கைக்கு வருகிறது.

தோட்டங்களில் இன்று வெட்டும் வங்காளதேசத்தவரையும் இந்தோனேசியரையும் நேப்பாளியரையும் பகைவராய்க் கருதுவோரும் உளர். அஃதும் தவறு. தரகனுக்குக் கொடுக்கக் கடன் வாங்கி, கடல் கடந்து வந்து, அக்கடனை அடைக்கவே ஆண்டுகளைக் கழிப்பவன், அன்று கங்காணியின் பின்னே வந்தவனின் மறுபிறவியே. அவனுடைய கடவுச்சீட்டைப் பூட்டி வைப்பதும், விடுதியில் நெருக்கி அடைப்பதும் நேர்ந்ததால்தான், 2020-ஆம் ஆண்டில் மலேசியாவின் இரு பெரு நிறுவனங்களின் செம்பனை எண்ணெயை அமெரிக்கா தன் துறைமுகங்களில் தடுத்து நிறுத்தியது. மலிவான ஆள் கிடைக்கும்வரை கருவிகளுக்குச் செலவிட எவர்க்கும் மனம் வாராது. குலை வெட்டும் இயந்திர அரிவாளை இந்நாட்டின் செம்பனை எண்ணெய் வாரியமே உருவாக்கியிருந்தும், பெரும்பாலான நிரைகளில் இன்னும் நீண்ட கழியும் கை அரிவாளுமே ஆள்கின்றன.

இச்சிக்கலில் தமிழ்ச் சமுதாயத்திற்கும் ஒரு பாடம் உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணமே தோட்டங்களை வாங்கியது. வெட்டுபவனும் உடைமையாளன் ஆகலாம் என்பதை அம்முயற்சி மெய்ப்பித்தது. அவ்வழியில் அடுத்த தலைமுறை எத்தனை தூரம் நடந்தது என்பதைச் சமுதாயத் தலைவர்கள் தத்தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். மேடைகளில் கேட்ட கைத்தட்டல்கள் போதும்.

தோட்டம் காலியாகும்போது காலியாவது தொழிலாளர் வரிசை மட்டுமன்று. 1957-இல் ஏறத்தாழ 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530-க்கும் குறைவு. தோட்டம் விற்கப்பட, குடும்பங்கள் பெயர, வகுப்பறைகள் வெறிச்சோடுகின்றன. ஆகவே கூலிக் கணக்கு, ஒரு மொழியின் கணக்குமாகிறது.

செய்ய வேண்டுவன மறைபொருள் அல்ல. குடும்பம் நடத்தத்தக்க மாதச் சம்பளம். உழைத்து ஓய்ந்தோர்க்கு உரிமை வீடு. சிறுதோட்டத்தில் பால் வெட்டுவோர்க்கு மழைக்கால உதவி. உளி பிடிப்போனைப் பயிற்சி பெற்ற தொழிலாளியாய் மதிக்கும் ஊதிய முறை. அயல்நாட்டார்க்கும் அதே நீதி. இவற்றை அளித்துப் பார்த்த பின்னரும் ஆள் வரவில்லையெனில், அப்போது மக்களைப் பழிக்கலாம். அதுவரை, கூலியில் பஞ்சத்தை வைத்துக்கொண்டு ஆளில் பஞ்சம் என்று கூவுவோர், தம் கணக்கேட்டையே முதலில் விரித்துப் பார்க்கட்டும்.