நிற்கும் இறக்கைக்கும் காவல் தேவை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோருக்குக் காலாப்பட்டை ஒட்டினாற்போல் பிள்ளைச்சாவடி என்னும் மீனவக் குப்பம் தென்படும். ஒருபுறம் கரையை அரித்துத் தின்னும் கடல். மறுபுறம் 1984ல் துவங்கி, 2020ல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமாக உயர்ந்த பொறியியல் கல்லூரி. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் இந்தக் கரையில் உள்ளவர்கள் படகை மேட்டுக்கு இழுத்துவிட்டதோடு நின்றுவிடுவதில்லை. இயந்திரத்தைக் கழற்றுவார்கள்; வலையைச் சுருட்டுவார்கள்; படகின் நான்கு பக்கமும் கயிறு கட்டுவார்கள். ஓடாத படகுக்குத்தான் காற்றினால் அதிக ஆபத்து என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதே விஷயம் ஆகாயத்தில் பறக்கும் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடலில் தத்தளிக்கும் மீனவரைத் தூக்கி வருவதற்குக் கடலோரக் காவல்படை நம்பியிருப்பது ஹெலிகாப்டர்களைத்தான். அந்தப் படை சென்னையில் 840 என்ற எண்ணுள்ள பிரிவை 2022 நவம்பரில் தொடங்கியபோது அதற்குக் கொடுத்தது, நம் நாட்டிலேயே தயாரான ‘துருவ்’ இயந்திரங்களை. 2024 செப்டம்பர் 2ந் தேதி இவ்வகை இயந்திரம் ஒன்று போர்பந்தருக்கு அப்பால் கடலில் விழுந்து மூவர் மாண்டனர். 2025 ஜனவரி 5ந் தேதி அதே போர்பந்தரில் மற்றொன்று தரையில் மோதி, மேலும் மூவர் பலியாயினர். முப்படைகளிலும் காவல்படையிலும் இருந்த முந்நூறுக்கு மேற்பட்ட துருவ்கள் அன்றே தரையில் நிறுத்தப்பட்டன. ராணுவ, விமானப்படை ரகங்களுக்கு 2025 மே மாத வாக்கில் அனுமதி கிடைத்தது. கடலுக்குரிய ரகங்கள் அதன் பின்னும் காத்துக் கிடந்தன.

விபத்துக்குப் பின் விசாரணையில் அடிபட்ட பெயர் ‘ஸ்வாஷ்பிளேட்’. அது என்ன?

படகோட்டியின் துடுப்பைப் பாருங்கள். நீரைத் தள்ளும்போது அகலவாட்டில் பிடிக்கிறான்; மீண்டும் முன்னே கொண்டுவரும்போது விளிம்பைத் திருப்பிக் காற்றைக் கிழித்து வருகிறான். ஹெலிகாப்டரின் இறக்கையும் அப்படியே. அது எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு தூக்கும் சக்தி. எல்லா இறக்கைகளையும் ஒருமிக்கச் சாய்த்தால் இயந்திரம் மேலே எழும்பும். சுற்றிவரும் இடத்துக்குத் தக்கபடி சாய்மானத்தை மாற்றினால் முன்னோ, பின்னோ, பக்கவாட்டிலோ செல்லும். விமானியின் கையசைவு சுழலாத ஒரு தட்டுக்குப் போகிறது. அதன் மேல் சுழலும் மற்றொரு தட்டு. அதிலிருந்து சிறு தண்டுகள் ஒவ்வோர் இறக்கைக்கும் செல்கின்றன. இந்த ஜோடித் தட்டுக்கே ஸ்வாஷ்பிளேட் என்று பெயர். அது முறிந்தால் விமானி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குச் சமானம். 2023ல் கடற்படையின் துருவ் ஒன்று மும்பைக்கு அப்பால் கடலில் இறங்க நேர்ந்த பிறகு, இதே வழியில் வரும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை அலுமினியக் கலவையிலிருந்து எஃகுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கோளாறு வெவ்வேறாயினும் இடம் ஒன்றுதான்: இறக்கையைச் சாய்க்கும் வழி.

இது நிற்க. பறக்கும்போது இவ்வளவு கவலைப்படும் இந்தச் சாய்மானத்தை, நிறுத்தியபின் யார் கவனிக்கிறார்கள்?

பெரிய ஹெலிகாப்டர்களில் இறக்கையைத் திருப்புவது எண்ணெய் அழுத்தத்தின் வேலை. இயந்திரம் நின்றால் அழுத்தமும் போய்விடும். விமானி நெம்புகோலை அடிவரை இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்போது இறக்கை ஏறக்குறையத் தட்டையாக இருக்கும்; தரையோடு வீசும் காற்று அதன் விளிம்பில் பட்டுப் போய்விடும். முறத்தைப் படுக்கவைத்தால் காற்று சும்மா விடும். சற்றே சாய்த்துப் பிடித்தால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். சாய்ந்த நிலையில் இறக்கையை விட்டுவந்தால், பறக்காத இயந்திரமும் பறக்கப் பார்க்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் தூக்கும் சக்தி நான்கு மடங்காகும் என்பது கணக்கு. 2011 டிசம்பர் 30ந் தேதி புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயலில் காற்று மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டியது. அது 60 கிலோமீட்டர் காற்றைப் போல் நான்கு மடங்கு வலிமையுள்ளது.

இன்னொரு வில்லங்கம் துவங்கும்போதும் நிறுத்தும்போதும் வருகிறது. வேகமாகச் சுழலும் இறக்கை, கவணில் கட்டிய கல் கயிற்றை இழுப்பதுபோல் வெளிநோக்கி இழுபட்டு விறைத்து நிற்கும். மெதுவாகச் சுழலும்போது அந்த விறைப்பு இல்லை. ஓங்கிய காற்று ஒன்று வந்தால் இறக்கை மேலே எழும்பி, பின் தொப்பென்று விழுந்து, தன் வாலையே வெட்டிக்கொள்ளும். இதற்காகத்தான் இறக்கை குறிப்பிட்ட அளவுக்குமேல் தொங்காமல் தாங்கும் தடைகளும், சுழற்சியைச் சட்டென்று அடக்கும் பிரேக்கும். நின்றபின் இறக்கை நுனிகளுக்கு உறை மாட்டிக் கயிறு கட்டுவதும் உண்டு. மிக இறுக்கிக் கட்டினால் இறக்கையே வளைந்துவிடும். அவிழ்க்க மறந்து இயந்திரத்தை ஓட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். சிவப்புத் துணி தொங்கவிடுவது அழகுக்காக அல்ல.

புயல்தான் வேண்டும் என்பதுமில்லை. சாதாரண கடற்காற்றே போதும். 1930களில் அமெரிக்காவில் புத்தம் புதுக் கார்களை ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்பினார்கள். இறக்கிப் பார்த்தால் ஒரு மைல்கூட ஓடாத கார்களின் சக்கரங்களில் பேரிங்குகள் பழுது! சுழலாமல் நின்ற இடத்திலேயே குண்டுகள் அதிர்ந்து அதிர்ந்து, மசகை ஒதுக்கித் தள்ளிக் குழி பறித்துவிட்டன. காற்றில் ஆடும் இறக்கை, தன் சாய்மானப் பேரிங்குகளுக்குச் செய்யக்கூடியதும் அதுவே. அதோடு உப்புக் காற்றும் சேர்ந்தால்? போர்பந்தர் முறிவுக்கு இதுதான் காரணம் என்று கூறுவதற்கில்லை. ஆனால் மாதக்கணக்கில் கரையோரம் நிறுத்திவைக்கப்பட்ட இயந்திரங்களை மறுபடி கிளப்பும்போது, முறிந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பாராமல் விடுவது புத்திசாலித்தனமாகாது.

கப்பல் தளத்தில் சிக்கல் இன்னும் கூடும். இடம் போதாமையால் இறக்கைகளைப் பின்னால் மடிக்க வேண்டும். மடிக்குமுன் அவற்றின் சாய்மானத்தை ஊசிகளால் பூட்டாவிட்டால், இறக்கையின் பாரம் சிறு தண்டுகளை முறுக்கிவிடும். மடிப்பு வசதியில் துருவ் கடற்படையின் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை என்பது பழைய கதை.

இன்றுவரை உழைக்கும் ‘சேத்தக்’கின் பூர்வீகம் பிரான்சு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அதே 1962ல்தான் அதை இங்கே செய்ய ஒப்பந்தமாயிற்று. 1965ல் முதல் இயந்திரம் கைக்கு வந்தது. மூன்றே இறக்கை. அடக்கமான அமைப்பு. அறுபதாண்டுக்குப் பிறகும் படைகள் அதை விட மனமின்றி வைத்திருப்பதில் வியப்பில்லை. புதியது நம்பிக்கை தரும்வரை பழையதுதானே கதி!

செவ்வாய்க் கிரகத்தில் 2021 ஏப்ரல் 19ந் தேதி பறந்த சின்னஞ்சிறு ‘இன்ஜெனியூட்டி’யைக்கூட, முதலில் இறக்கைகளைச் சுழற்றாமல் அவற்றின் சாய்மானத்தை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்த பிறகே கிளப்பினார்கள். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் செய்ய முடிந்த சோதனையை நம் கரையில் தினந்தோறும் செய்வதற்கு ஆளும் கூரையும் வேண்டும். விபத்து நடந்தபின் குழு அமைக்கப் பணம் ஒதுக்கும் சர்க்கார், கடலோர நிலையம் ஒவ்வொன்றிலும் காற்றைத் தாங்கும் கொட்டகை கட்டவும், நின்ற நாட்களுக்கும் பறந்த நாட்களைப்போல் பதிவேடு வைக்கவும் ஒதுக்கினால் என்ன?

2024 நவம்பர் 30ந் தேதி இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. விடிந்ததும் கிருஷ்ணா நகரில் வீடுகளுக்குள் சிக்கியிருந்தவர்களை ராணுவத்தினர் படகில் ஏற்றிவந்தார்கள். அத்தகைய விடியலில் ஹெலிகாப்டர் தேவைப்பட்டால், இரவெல்லாம் காற்றில் நின்ற இயந்திரம் ஒன்றைத்தான் கிளப்பியாக வேண்டும். அதன் இறக்கை முந்தின மாலை எப்படிப் பூட்டப்பட்டது என்று அப்போதுதான் யாராவது கேட்பார்கள்.