கட்டணம் கட்டி எரிமலை ஏறுவோர்

சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்வோர் உலகில் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதிருப்போரும் உண்டு. அவர்களைப் பற்றி இப்பகுதியில் முன்பே புலம்பியிருக்கிறோம். ஆனால் கைப்பணத்தைக் கட்டி, கடல் கடந்து சென்று, புகைந்துகொண்டிருக்கும் எரிமலையின் விளிம்பில் நின்று உழைத்துவிட்டு, நன்றியும் கூறி வீடு திரும்புவோர் உண்டென்று சொன்னபோது நம் நண்பர் ஒருவர் நம்ப மறுத்துவிட்டார். "புத்தி ஸ்வாதீனத்தில் இருக்கிறவர்கள் செய்யும் காரியமா, ஐயா, இது?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

தொண்டர் என்றதும் மகாசபைப் பந்தலில் வரிசையாக நின்ற இளைஞர்கள் நம் நினைவுக்கு வருவார்கள். இது வேறு வகைத் தொண்டு. 1971-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்த்வாட்ச் என்றொரு ஸ்தாபனம் ஏற்பட்டது. காட்டிலும் மலையிலும் ஆராய்ச்சி நடத்தும் விஞ்ஞானிகளுக்குப் பணமும் போதாது, கையாட்களும் போதாது. மற்றொரு பக்கத்தில், விஞ்ஞானம் பிறக்கும் இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆவல் கொண்ட சாமானிய ஜனங்கள் பலர் இருக்கிறார்கள். இவ்விரு சாராரையும் சேர்த்து வைப்பதே அந்த ஸ்தாபனத்தின் வேலை. தொண்டர் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி அவருடைய சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும். மற்றொரு பகுதி ஆராய்ச்சிக்கு. அவருடைய இரண்டு கைகளும் ஓரிரு வாரம் முழுவதும் ஆராய்ச்சிக்கே சொந்தம்.

இப்படித் தொண்டர்கள் சென்று உழைத்த இடங்களில் ஒன்று மஸாயா எரிமலை. மத்திய அமெரிக்காவில், நிகராகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவுக்குத் தென்கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. உயரம் 635 மீட்டர்தான். மோட்டார்ப் பாதை வாய் விளிம்பு வரையில் போகிறது. வண்டியை வெளியே பார்த்த முகமாக நிறுத்துவது அவ்விடத்து வழக்கம். காரணம் கேட்க வேண்டியதில்லை: 2001 ஏப்ரலில் திடீரென்று வெடித்துக் கற்களை வாரி இறைத்தபோது, நிறுத்தியிருந்த வண்டிகள் சேதமடைந்தன. சாந்தியாகோ என்று பெயர் கொண்ட அந்தப் பெரும் பள்ளத்திலிருந்து கந்தக வாயு ஓயாமல் கிளம்பி, காற்று வீசும் பக்கத்து ஊர்களின் காப்பிச் செடிகளைக் கருக்குகிறது. அதே பள்ளத்தின் சுவர்ப் பொந்துகளிலோ, பச்சைக் கிளிகள் சாவதானமாகக் கூடு கட்டிக் குடித்தனம் செய்கின்றன!

இம்மலைக்குத் தாமாக வலிய வந்த பழைய தொண்டர் ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். 1538-ம் ஆண்டில் பிளாஸ் தெல் காஸ்தில்யோ என்ற ஸ்பானியப் பாதிரியார், பள்ளத்தின் அடியில் கொதிப்பது உருகிய பொன்னே என்று நம்பித் தம்மைக் கூடையில் வைத்து இறக்கச் சொன்னார். சங்கிலியில் பாத்திரத்தைக் கட்டி அந்தப் 'பொன்னை' முகக்கவும் பார்த்தார். கிடைத்தது கல்தான். மனிதர் உயிரோடு மேலே வந்ததே பெரும் லாபம்.

சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே விளிம்புக்கு வந்தவர் ஹேஸல் ரைமர் என்னும் ஆங்கில மாது. பிரிட்டனில் ஓபன் யூனிவர்ஸிட்டியைச் சேர்ந்த எரிமலை ஆராய்ச்சியாளர். இவர் கொண்டு வந்தது கூடையல்ல, ஈர்ப்புமானி என்னும் கருவி. நாம் வகுப்பில் பையன்களுக்குச் சுருள்வில் தராசைக் காட்டுகிறோமே, அதன் ராஜ வம்சத்து வாரிசு என்று இதைச் சொல்லலாம். பெட்டிக்குள் நுண்ணிய வில்லில் ஒரு சிறு எடை தொங்குகிறது. பூமி அதை எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதைப் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரையில் இது கண்டுபிடித்துவிடும். 60 கிலோ எடையுள்ள ஆசாமியின் எடையில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான மாறுதலைக் கண்டுபிடிப்பது போல! கருவியை 3 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே கணக்கு மாறிவிடும். ஆகையால் தரை உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதையும் உடன் அளக்க வேண்டும். தலைக்கு மேலே சந்திரனும் சூரியனும் இழுக்கும் இழுப்பைக்கூடக் கழித்தாக வேண்டும்.

இந்த அளவையால் என்ன பயன்? பூமிக்கடியில் கற்குழம்பு புதிதாக ஏறி வந்தால் அங்கே பொருள் அதிகமாகிறது, ஈர்ப்பும் கூடுகிறது. குழம்பில் வாயுக் குமிழிகள் மிகுந்து நுரைத்தால் அதன் அடர்த்தி குறைகிறது, ஈர்ப்பும் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத பாதாளத்தை இப்படித் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். மஸாயாவில் 1993 முதல் வருஷா வருஷம் எடுத்த அளவைகளை ஒன்றுசேர்த்தபோது, பள்ளத்தருகே ஈர்ப்புக் குறைந்த காலங்களில் மேலே கந்தக வாயு அதிகமாக வெளிவந்திருப்பது தெரிந்தது. அடியில் வாயு நிறைந்த நுரைப்படலம் தடிப்பதும் மெலிவதுமாக இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தார்கள். ஒரு நாள் வந்து அளந்துவிட்டுப் போகிற மேதையால் இது தெரிந்திராது. அதே இடம், அதே குறி, அதே கருவி, மறு வருஷமும் மறு வருஷமும். இதற்கு மேதாவிலாசத்தைவிடப் பொறுமையும் ஆட்களுமே அதிகம் வேண்டும். தொண்டர் அங்கேதான் தேவைப்படுகிறார்.

இனி, நண்பர் கேட்ட கேள்வியின் கூர்மையான பக்கத்துக்கு வருவோம். 1993 ஜனவரி 14-ம் தேதி, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், ஒரு மகாநாட்டுக்காகக் கூடியிருந்த விஞ்ஞானிகள் சிலர் கலேராஸ் என்னும் எரிமலையின் வாயருகே சென்றிருந்தார்கள். மலை வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும், வேடிக்கை பார்க்க வந்த மூவரும் மாண்டார்கள். இறந்தவர்களில் ஜெஃப்ரி பிரௌன் என்ற பேராசிரியர் ஒருவர். ரைமருடைய அதே யூனிவர்ஸிட்டி; இருவரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்து எழுதியவர்கள். கொலம்பியர் இருவருடன் அவர் அன்று செய்துகொண்டிருந்ததும் இதே ஈர்ப்பளவை வேலைதான். மஸாயாவில் அளவை தொடங்கியதும் அதே வருஷம் என்பதை நினைக்கும்போது நமக்கு எழுதுகோல் சற்றே தயங்குகிறது.

தொண்டர்களை மட்டும் மலை விட்டுவைக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1980 மே 18-ல் அமெரிக்காவின் ஸெயின்ட் ஹெலன்ஸ் மலை பக்கவாட்டில் வெடித்தபோது 57 பேர் இறந்தார்கள். டேவிட் ஜான்ஸ்டன் என்ற இளம் விஞ்ஞானி தம் காவலிடத்திலேயே மடிந்தார். அவருக்கும் வடக்கே, கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தம் சொந்த ரேடியோவுடன் தொண்டராகக் காவல் இருந்தார். சாம்பல் மேகம் ஜான்ஸ்டன் இருந்த இடத்தை மூடியதை ரேடியோவில் அறிவித்தார். அடுத்து அது தம்மையும் மூடப் போகிறது என்று அறிவித்தார். அத்துடன் குரல் நின்றது.

ஆகவே நண்பர் கேட்டது வெறும் பரிகாசம் அல்ல. அபாயத்தை முழுவதும் எடுத்துச் சொல்லாமல் தொண்டரை விளிம்புக்கு அழைத்துச் செல்வது பாவம் என்பதே நம் அபிப்பிராயம். தலைக் கவசம், வாயு முகமூடி, 'புறப்படு' என்றால் மறுபேச்சின்றிப் புறப்படுதல், இவை மூன்றும் இல்லாத இடத்துக்கு எவரும் போகலாகாது. ஆனால், எரிமலையின் அடிவாரத்தில் பிறந்து அங்கேயே பயிர் செய்து பிழைப்பவர்களுக்குக் கட்டணமும் இல்லை, தேர்வும் இல்லை. அவர்கள் தினந்தோறும் அந்த அபாயத்தில் இருக்கிறார்கள். இரண்டு வாரம் அதில் பங்கு கொண்டு அவர்களுக்காகச் சில எண்களைச் சேர்த்துக் கொடுப்பவரைப் பைத்தியம் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. நம் தேசத்திலும் அந்தமான் பக்கத்தில், மனிதர் குடியில்லாத பாரன் தீவில் ஓர் எரிமலை இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்து 1991-ல் விழித்தது. அதைப் பற்றி நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

வேலை எப்படி நடக்கும் என்பதையும் நண்பர் தெரிந்துகொள்ளட்டும். காலையில் மலைக்கு அப்பால் அசையாத தரையில் ஒரு மூல இடத்தில் முதல் அளவை. பிறகு ஒவ்வொரு குறியாக ஏற வேண்டும். கருவியைக் கைக்குழந்தையைப் போல அதிராமல் எடுத்துச் செல்ல வேண்டும். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கும் வரையில் திருகுகளைத் திருப்ப வேண்டும். காற்று அசைக்காமல் ஒருவர் மறைத்து நிற்பார். ஒருவர் கண்ணாடி வழியே பார்த்து எண்ணைச் சொல்வார். மற்றொருவர் அதைத் திருப்பிச் சொல்லி நோட்டில் எழுதுவார். பக்கத்தில் யாரும் நடமாடக் கூடாது. காலடி அதிர்ச்சியும் கருவிக்குத் தெரிந்துவிடும். மாலையில் எல்லாரும் இறங்கி வந்து, காலையில் அளந்த மூல இடத்திலேயே மறுபடியும் அளப்பார்கள். காலை எண்ணும் மாலை எண்ணும் ஒத்துவந்தால் அன்றைக்குச் சாப்பாடு ருசிக்கும். ஒத்துவராவிட்டால், கந்தகப் புகையில் இருமிக்கொண்டே எழுதிய அன்றைய பக்கம் அத்தனையும் தள்ளுபடி. மறுநாள் விடியற்காலையில் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் குறியிலிருந்து ஏறுவார்கள்.