புல் கொஞ்சம் தூங்கட்டும்

தில்லியில் டிசம்பர் பாதி தாண்டினால் எங்கள் காலனி நலச் சங்கக் கூட்டத்தில் ஒரு புகார் தவறாமல் வரும். பூங்காப் புல் மஞ்சளாகிவிட்டது, மாலி தண்ணீர் விடுவதில்லை என்று. உடனே மாலிக்கு அர்ச்சனை நடக்கும். மறுநாள் பனிமூட்டத்தில் அவர் ரப்பர் குழாயும் கையுமாக நடுங்கிக்கொண்டு நிற்பார். இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இங்கே 'தூப்' என்று சொல்லும் புல் வேறொன்றுமில்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான். அது வெயிலில் வளரும் ஜாதி. குளிர் கடுமையானதும் இலையைக் காயவிட்டு, தண்டிலும் வேரிலும் உயிரை வைத்துக்கொண்டு உறங்கிவிடும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஜனவரியில் பச்சை வராது. ஈரம் தங்கிப் பூஞ்சைதான் வரும். மழையே இல்லாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை நனைத்தால் போதும்.

சின்னக் கணக்கு ஒன்று. பூங்கா 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த 10,000 லிட்டர் வேண்டும். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத் திட்ட அளவு. அதன்படி அது 74 பேரின் ஒரு நாள் தண்ணீர். மே மாதம் டேங்கர் லாரிக்குப் பின்னால் வாளியோடு ஓடும் நாம், ஜனவரியில் அதைத் தூங்குகிற புல்லுக்கு ஊற்றுகிறோம்.

ஹோலி சமயத்தில் புல் தானாகவே கண் விழிக்கும். அப்போது காய்ந்த சருகை வாரி எடுத்து, நன்றாக மக்கிய எருவைத் தூவவேண்டும். மே, ஜூனில் தினமும் மேலாகத் தெளிப்பது வீண். வேர் மேலேயே நின்றுவிடும். நாலு நாளுக்கொருமுறை விடியற்காலையில் ஆழமாகப் பாய்ச்சவேண்டும். நீளமான திருப்புளியை மண்ணில் குத்திப் பாருங்கள், அரை அடி சுலபமாக இறங்கினால் சரி. மழைக்காலத்தில் வேலை வெட்டுவதும் களை எடுப்பதும்தான். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கோரையைக் கிழங்கோடு பிடுங்காவிட்டால் மறுவாரமே தலை நீட்டும்.

ரயில்வேயில் இருந்தபோது தண்டவாளத்து ஜல்லியில் முளைத்த புல்லைக் கேங்மேன்களை வைத்துப் பிடுங்க வைத்ததும் நான்தான், கரைச் சரிவில் மண் அரிக்காமலிருக்க அதே அருகைப் பதிக்க வைத்ததும் நான்தான். ஆகவே புல்லின்மேல் எனக்குக் கண்மூடித்தனமான பாசம் கிடையாது!

இப்போது சிலர், 'குளிரில் மஞ்சளாகிற புல் எதற்கு, பாதியை எடுத்துவிட்டு சிமெண்ட் கல் பதிக்கலாம்' என்கிறார்கள். தில்லிக்கு வருஷ மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அது பூமிக்குள் இறங்க நம் காலனியில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு துண்டு மண்தான். தவிர, டிசம்பர் மதியத்தில் வேர்க்கடலை கொறித்தபடி வெயில் காய்கிறோமே, அது எந்தப் புல்லில்? மஞ்சள் புல்லில்தானே!

நம்மவர்கள் காலனிக் கூட்டங்களுக்குப் போவதில்லை. கல் பதிக்கும் பேச்சு வரும் அன்றாவது போய்க் கை தூக்குங்கள். அப்படியே, வெட்டும் இயந்திரத்தின் பிளேடைச் சாணை பிடிக்கவும் சங்கத்தில் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டுவதில்லை, கிழிக்கிறது. மழைக்காலத்தில்கூட நுனி வெளுத்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்கும் மாலிதான் திட்டு வாங்குகிறார்.